இருவரும் சேர்ந்து பார்க்க இரண்டு நாள்

வாசகர் கேள்வி – பதில்

கணவனும் மனைவியுமாக வார இறுதியில் கிளம்பிப் போய், கலையையும் பருவத்தின் அழகையும் ஒருசேர அனுபவித்து வருவது பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே பொருளைப் பேசியவற்றை ஒன்றாகச் சேர்த்து, சுருக்கித் தந்து, என் பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு ஓவியம் என்றால் உயிர். எனக்கோ மூடிய கூடத்துக்குள் இரண்டு மணி நேரம் இருந்தால் மூச்சு முட்டுகிறது. மரமும் மலையும் திறந்த வானமும்தான் வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் அவர் விட்டுக்கொடுக்கிறார், மறுவாரம் நான். இப்படியே போனால் ஒருநாளும் இருவருக்கும் நிறைவு கிடைக்காது போலிருக்கிறதே?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் நெதர்லாந்தில் வாழ்ந்த ஒரு தம்பதியின் நினைவு வந்தது. ஹெலன் கிரோலர் முல்லருக்கு ஓவியம் சேர்ப்பதே வாழ்க்கையாக இருந்தது. வின்சென்ட் வான்கோவின் படைப்புகளைப் பலரும் பொருட்படுத்தாத காலத்திலேயே தேடித் தேடி வாங்கியவர் அவர். கணவர் ஆன்டன் கிரோலருக்குக் காடும் வேட்டையும்தான் பிரியம். 1909 முதல் வேலுவே பகுதியில் புதர்வெளியும் மணல்மேடும் காடுமாகக் கிடந்த நிலத்தைச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்தார். உங்கள் வீட்டில் நடப்பது போலவே ஒருவர் சுவர்களுக்குள்ளும் மற்றவர் வெளியிலும் மகிழ்ச்சி தேடியவர்கள்தான். ஆனால் ஒருவர் மற்றவருக்காக விட்டுக்கொடுக்கும் வழியை அவர்கள் எடுக்கவில்லை. அந்தக் காட்டின் நடுவிலேயே ஓவியங்களுக்கு ஒரு கூடம் எழுப்புவது என்று இருவருமாக முடிவெடுத்தார்கள். இடையில் பொருள் நெருக்கடி வந்து, ஓவியத் தொகுப்பை 1935இல் அரசுக்குக் கொடுக்க நேர்ந்தபோதும், அருங்காட்சியகம் ஒன்று கட்டப்பட வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் விடவில்லை. 1938இல் அது திறக்கப்பட்டது; ஹெலன் மறு ஆண்டே காலமானார். இன்று ஹோகே வேலுவே என்ற அந்தத் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் வாசலில் இலவசமாகக் கிடைக்கும் வெள்ளை மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஊதா நிறமாகப் பூத்துக் கிடக்கும் புதர்வெளியைக் கடந்து, வான்கோவின் தொண்ணூறுக்குச் சற்றுக் குறைந்த ஓவியங்கள் இருக்கும் கூடத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். காட்டுவழியாக வந்ததனால் கண் தெளிந்திருக்கிறது; ஓவியங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அதே காட்டில் இன்னும் பல நிறங்கள் தெரிகின்றன.

அந்த ஊருக்கே போங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களால் எட்டக்கூடிய தொலைவில் கலையும் வெளியும் ஒன்றுக்குள் ஒன்று அமைந்திருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் பதில். குகை ஓவியங்கள், பாறைக் குடைவரைகள், ஏரிக்கரைக் கோயில்கள், சிற்பப் பூங்காக்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் சிற்பப் பூங்காவில் ஹென்றி மூரின் பெரிய வெண்கலச் சிற்பங்கள் மேய்ச்சல் நிலத்திலேயே நிற்கின்றன. செம்மறி ஆடுகள் அவற்றின் நிழலில் ஒதுங்குகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு முறை விட்டுக்கொடுத்தால் அது அன்பு. ஒவ்வொரு வாரமும் விட்டுக்கொடுத்தால் மனதுக்குள் கணக்கு ஒன்று எழுதப்பட்டுவிடும்.

கேள்வி: என் மனைவி ஒவ்வொரு ஓவியத்தின் கீழும் உள்ள குறிப்பை வரிவிடாமல் வாசிப்பார். நான் அரை மணி நேரத்தில் எல்லாக் கூடங்களையும் சுற்றிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவேன். இதனாலேயே ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பதில்: இருவர் செய்வதிலும் தவறில்லை, ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும் என்று நினைப்பதுதான் தவறு. நானும் என் கணவரும் நெடுநாளாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். உள்ளே போனதும் பிரிந்துவிடுவோம். ஒரு மணி நேரம் அவரவர் போக்கில் சுற்றி, ஆளுக்கு ஒரே ஒரு படைப்பை மட்டும் மனதில் குறித்துக்கொள்வோம். பிறகு சந்தித்து, அவர் தேர்ந்ததன் முன் கால் மணி நேரம், நான் தேர்ந்ததன் முன் கால் மணி நேரம் என்று சேர்ந்து நிற்போம். தேர்ந்தெடுத்தவர் முதல் ஐந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர் தமக்குத் தெரிவதையெல்லாம் சொல்ல வேண்டும்.

கால் மணி நேரம் நீளம் என்று தோன்றினால், பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ என்ற ஓவியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பார்வையில் மூன்று ஆட்கள் நாய்க்கூட்டத்துடன் பனிச்சரிவில் இறங்கி வருகிறார்கள், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் நின்றால், நாய்களின் தலை தொங்கியிருப்பது தெரியும். அத்தனை பேர் போன வேட்டையில் தோளில் தொங்குவது ஒரே ஒரு நரி என்பது அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். இடப்புறம் விடுதியின் பெயர்ப்பலகை ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. அதன் கீழே சிலர் நெருப்பு மூட்டி வேலை பார்க்கிறார்கள். யாரும் வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளத்தில் உறைந்த குளங்களின் மேல் எறும்பளவு மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். சிறிய பாலத்தின் மேல் ஒரு பெண் சுள்ளிக்கட்டைச் சுமந்து போகிறாள். பனிக்காலத்தின் சோர்வும் அதே பனிக்காலத்தின் கொண்டாட்டமும் ஒரே பலகையில் இருக்கின்றன என்பதை ஒருவர் தனியாகக் கண்டுபிடிப்பதைவிட இருவர் மாறி மாறிச் சுட்டிக்காட்டிக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி மிகப் பெரியது. அந்த ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. ஆண்டின் பருவங்களைப் பற்றி அவர் வரைந்த அந்த வரிசையில் ஐந்து ஓவியங்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. வியன்னாவில் மூன்றும், பிராகாவில் ஒன்றும், நியூயார்க்கில் ஒன்றுமாக அவை பிரிந்து கிடக்கின்றன.

குறிப்புகளை வாசிப்பதில் விருப்பம் உள்ள உங்கள் மனைவியிடம், ஓவியத்தை முதலில் பார்த்துவிட்டுக் குறிப்பைப் பிறகு வாசிக்கும்படி மட்டும் சொல்லிப் பாருங்கள். நீங்களும் வாசலுக்குப் போகும் முன், பார்த்தவற்றில் ஒன்றுக்காவது திரும்பிப் போங்கள்.

கேள்வி: இலை சிவக்கும் காலம் என்றும் பூக்கும் காலம் என்றும் மாதங்களுக்கு முன்பே விடுதி பதிவு செய்து போகிறோம். போய்ச் சேர்ந்தால் ஒன்று எல்லாம் உதிர்ந்திருக்கிறது, இல்லையென்றால் இன்னும் மொட்டாகவே இருக்கிறது. சரியான நாளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பருவம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை, அதற்கென்று வேறு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் ஏமாற்றம் பெருமளவு குறையும்.

முதலில் இலைகளை எடுத்துக்கொள்வோம். பகல் குறுகத் தொடங்கியதும் மரம் இலையில் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது. இருந்த பச்சையம் சிதைந்து போக, அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. ஆகவே மஞ்சள் நிறம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. சிவப்பின் கதை வேறு. அது இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு அந்த நேரத்தில்தான் புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனிக்குச் சற்று மேலான குளிரும் தொடர்ந்து இருந்தால் சிவப்பு கொழுந்துவிட்டு எரியும், மூட்டமும் வெதுவெதுப்புமாக நாட்கள் கழிந்தால் மங்கலாகவே இருந்துவிடும். ஆகவே புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அந்த இடத்தின் பகல் வெயிலையும் இரவுக் குளிரையும் கவனித்து வாருங்கள்.

பூக்களின் கணக்கு வேறு விதமானது. ஜப்பானின் செர்ரி மரங்கள் முந்தைய கோடையிலேயே மொட்டை உருவாக்கிவிட்டு உறங்கப் போகின்றன. பனிக்காலக் குளிர்தான் அந்த உறக்கத்தைக் கலைக்கிறது. அதன் பிறகு வரும் வெப்பம் சேரச் சேர மொட்டு விரிகிறது. பிப்ரவரி முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்து, அது 600 பாகை செல்சியஸை எட்டும் நாளையொட்டி முதல் பூக்களை எதிர்பார்க்கலாம் என்று அங்கே ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் பூ மலர்ந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் மரம் முழுவதும் பூத்துவிடும். பலத்த மழையோ காற்றோ வந்தால் அதன் பிறகு சில நாட்கள்தான். செர்ரிப் பூ தெற்கிலிருந்து வடக்காகவும், இலையுதிர்காலச் சிவப்பு வடக்கிலிருந்து தெற்காகவும் நாடு முழுவதும் நகர்ந்து செல்வதால், அந்த நகர்வைச் செய்தியாகவே வெளியிடுகிறார்கள்.

இதிலிருந்து எல்லா ஊருக்கும் பொருந்தும் ஓர் உபாயம் கிடைக்கிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை குறைகிறது. ஆகவே மலையும் சமவெளியும் சேர்ந்து இருக்கும் ஓரிடத்தில் தங்கினால், கீழே பூ உதிர்ந்துவிட்டிருந்தாலும் மேலே மொட்டு விரிந்துகொண்டிருக்கும். மேலே இலை கொட்டிவிட்டிருந்தாலும் கீழே நிறம் மாறத் தொடங்கியிருக்கும். தவறவிட்ட பருவத்தை ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டிப் பிடித்துவிடலாம். எங்களுக்கு இது இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது.

இன்னொரு வகைப் பருவமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்க வேண்டும். அப்படிப்பட்ட பூவுக்காக இருவரும் சேர்ந்து ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில் எனக்குத் தனி விருப்பம் இருக்கிறது.

கேள்வி: முதலில் இயற்கையா, முதலில் ஓவியக்கூடமா?

பதில்: காலையிலும் மாலையிலும் வெளியே இருங்கள், நண்பகலில் உள்ளே போங்கள். சாய்ந்து விழும் வெயிலில்தான் மலைக்கும் மரத்துக்கும் வடிவம் கிடைக்கிறது. உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நீர்வண்ண ஓவியங்களையும் அச்சுப்படங்களையும் துணிகளையும் காப்பதற்காக அவற்றின் மேல் விழும் ஒளியை 50 லக்ஸ் அளவில்தான் வைப்பார்கள். வெளியே வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். ஒளியால் நேரும் சேதம் சேர்ந்துகொண்டே போகுமே தவிர மீளாது என்பதால் அவர்கள் செய்வது சரிதான். வெயிலிலிருந்து நேரே அந்த இருட்டுக்குள் போனவர்கள் ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று சலித்துக்கொண்டு வெளியேறுவதைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் முன்கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்; கண் பழகிவிடும்.

கேள்வி: போன முறை இரண்டு நாளும் விடாத மழை. விடுதி அறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஆசையாகப் போட்ட திட்டமெல்லாம் பாழாகிவிட்டதாக மனைவிக்கு இன்றும் வருத்தம்.

பதில்: அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மழையும் ஒரு பருவம்தானே? நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தபோது, ஆவணி புரட்டாசியைக் கார் என்று பெயரிட்டு முதலாவதாக வைத்தார்கள். வெயில் வேண்டும் என்று போட்ட திட்டத்தில் மழை வந்தால்தான் பாழ். மழைக்கென்றே ஒரு திட்டம் போட்டுப் பாருங்கள்.

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட ஒரு மரக்கட்டை அச்சுப்படத்தில், பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தவர்கள் திடீர் மழையில் குடையையும் பாயையும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குனிந்து ஓடுகிறார்கள். மழை முழுவதும் மெல்லிய கோடுகள். இருவேறு சாய்வில் அவை ஒன்றை ஒன்று குறுக்கிட்டுப் போகின்றன. மரப்பலகையில் ஒவ்வொரு கோட்டையும் மயிரிழை போல மேடாக விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் செதுக்கி எடுத்த கைத்திறனை நினைத்தால் மலைப்பாக இருக்கும். வான்கோ அந்தப் படத்தில் மனம் பறிகொடுத்து 1887இல் அதைத் தைலவண்ணத்தில் தாமே வரைந்து பார்த்தார். இப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒரு குடையின் கீழ் இருவரும் நின்று உண்மையான மழை எந்தச் சாய்வில் விழுகிறது என்று பாருங்கள்.

மழைக்காலத்தில் தன் முழு அழகையும் காட்டும் கலைத்தலங்களும் இருக்கின்றன. அஜந்தா அவற்றில் முதன்மையானது. வாகோரா ஆறு குதிரை லாடம் போல வளையும் செங்குத்துப் பாறையில் ஏறக்குறைய முப்பது குகைகள் குடையப்பட்டிருக்கின்றன. கோடையில் அந்தப் பள்ளத்தாக்கு காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். மழை பெய்ததும் பாறை முழுவதும் பச்சை போர்த்திக்கொள்ள, குகை வரிசையின் கடைசியில் அருவி இறங்குகிறது. வெளியே அந்த ஓசையைக் கேட்டுவிட்டு முதலாம் குகைக்குள் போய், கையில் தாமரை ஏந்தித் தலை சாய்த்து நிற்கும் போதிசத்துவரின் முன் நில்லுங்கள். தாழ்ந்த இமைகளும், ஒரே வளைவாகப் போகும் புருவமும், பின்னணியில் இலைகளும் மயில்களும் மெல்ல மெல்லத் துலங்கி வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். ஓவியங்கள் சிறப்பாக எஞ்சியிருப்பவை 1, 2, 16, 17 ஆகிய குகைகள். அந்த நான்கோடு நிறுத்திக்கொண்டாலும் குறைவில்லை. பாறைப் படிகள் மழையில் வழுக்கும்; செருப்பில் கவனம் தேவை.

கேள்வி: பருவத்தையும் கணவன் மனைவியையும் சேர்த்தே பாடும் கலை ஏதாவது இருக்கிறதா? திருமண நாளையொட்டி ஒரு பயணம் போக நினைக்கிறோம்.

பதில்: இருக்கிறது, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வட இந்தியச் சிற்றோவியங்களில் ‘பாராமாசா’ என்று ஒரு மரபு உண்டு. பன்னிரண்டு மாதங்கள் என்பது பொருள். 1601இல் ஓர்ச்சாவின் கவிஞர் கேசவதாசர் எழுதிய பாடல்களை ஒட்டி, ராஜஸ்தானத்திலும் இமயமலை அடிவாரச் சிற்றரசுகளிலும் ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றை வரைந்தார்கள். கணவன் பயணம் புறப்பட நிற்கிறான். மனைவி அந்த மாதத்தின் அழகை எடுத்துச் சொல்லி, இந்த மாதம் போக வேண்டாமே என்கிறாள். அடுத்த ஓவியத்தில் அடுத்த மாதம். அப்போதும் போகாமல் இருக்க வேறொரு காரணம் சொல்கிறாள். பன்னிரண்டு மாதங்களும் இப்படியே கழிகின்றன. பருவத்தின் அழகு என்பது துணையைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளச் சொல்லும் காரணம் என்ற எண்ணம் எத்தனை இனிமையானது!

இவை கையில் ஏந்திப் பார்க்கும் அளவுக்குச் சிறியவை. ஆகவே கண்ணாடிக்கு அருகே நெருங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். மழை மாதத்தை வரைந்த ஓவியத்தில் கருமேகத்தின் ஓரத்தில் மின்னல் ஒரு பொன்னிழையாக நெளியும். அதன் கீழே வெண்கொக்குகள் வரிசையாகப் பறக்கும். ஒவ்வொரு கொக்கும் தூரிகையின் ஒரே தீண்டலில் பிறந்ததாக இருக்கும். மாடத்தில் நிற்கும் பெண்ணின் கை மேகத்தை நோக்கி நீண்டிருக்க, முகமோ கணவனை நோக்கித் திரும்பியிருக்கும். அந்தக் கையையும் முகத்தையும் மட்டும் பார்த்தாலே அவள் என்ன சொல்கிறாள் என்பது விளங்கிவிடும். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் சிற்றோவியங்களின் பெருந்தொகுப்பு இருக்கிறது. ஒளியால் நிறம் மங்கும் என்பதால் எல்லாவற்றையும் எப்போதும் வைத்திருக்க மாட்டார்கள்; எவை காட்சியில் உள்ளன என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த மரபு புதிதாகத் தோன்றாது. முல்லைத் திணைக்குக் கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் வகுத்து, கார் தொடங்குமுன் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போன தலைவனுக்காக அவள் காத்திருப்பதை உரிப்பொருளாக வைத்தவர்கள் நாம். வடக்கே அவள் போகாதே என்கிறாள். இங்கே அவள் வந்துவிடுவான் என்று இருக்கிறாள். முல்லைப் பாடல் ஒன்றிரண்டை எழுதி எடுத்துக்கொண்டு, முதல் மழை பெய்த வாரத்தில் ஒரு காட்டோரத்துக்குப் போய் மாலையில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேளுங்கள். திருமண நாளுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: எங்கள் இருவருக்கும் எழுபது கடந்துவிட்டது. அவருக்கு முழங்கால் வலி. பெரிய அருங்காட்சியகமும் மலையேற்றமும் எங்களால் ஆகாது. இனி இதெல்லாம் படத்தில் பார்த்துக்கொள்வதுதானா?

பதில்: ஒருபோதும் அப்படி முடிவு செய்யாதீர்கள். உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே உருவான இடங்கள் இருக்கின்றன. ஜப்பானின் ஷிமானே மாவட்டத்தில் அடாச்சி ஜென்கோ என்பவர் 1970இல் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். அப்போது அவருக்கும் எழுபது கடந்திருந்தது. அங்குள்ள தோட்டத்துக்குள் யாரும் இறங்கி நடப்பதில்லை. கட்டடத்துக்குள் இருந்தபடியே பார்க்க வேண்டும். ஜன்னல்களே ஓவியச் சட்டங்களாக அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சுவரில் தொங்கும் சுருள் ஓவியத்தின் அளவில் திறப்பு வைத்து, அதன் வழியே தோட்டம் தெரியும்படி செய்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் வெள்ளை, இளவேனிலில் தளிர், இலையுதிர்காலத்தில் செம்மை என்று அந்தச் ‘சுருள்’ தானே மாறிக்கொள்கிறது. கூடங்களில் உள்ள ஓவியங்களையும் பருவத்துக்கு ஏற்றபடி மாற்றுகிறார்கள்.

பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இரண்டு நீள்வட்ட அறைகளின் சுவர் முழுவதும் கிளாட் மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் சூழ்ந்திருக்கின்றன. மேலிருந்து இறங்கும் பகல் ஒளியில், நடுவில் உள்ள இருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம். மேகம் கடக்கும்போது குளத்தின் நிறம் மாறுவது தெரியும். அவர் 1926இல் மறைந்தார். அறைகள் 1927இல் திறக்கப்பட்டன. அவர் அந்தக் குளத்தை வெட்டிய கிவெர்னி தோட்டம் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டரில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும். அல்லி பூப்பது கோடையில். ஒரு நாள் தோட்டம், மறுநாள் ஓவியம் என்று முதுமையில் போகிறவர்களுக்கு அதைவிட இதமான வார இறுதி அமையாது.

அவ்வளவு தொலைவு வேண்டாம் என்றால், உங்களுக்குப் பக்கத்தில் உள்ள எந்த அருங்காட்சியகத்திலும் ஒரே ஒரு கூடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பல பெரிய கூடங்களில் மடக்கு நாற்காலியும் சக்கர நாற்காலியும் கேட்டால் தருவார்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: அருங்காட்சியகம் மூடியிருந்து ஏமாந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

பதில்: உண்டு, அதுவும் எங்கள் பத்தாவது திருமண நாளில். இரவெல்லாம் ரயிலில் பயணம் செய்து போய் நின்றால், கூடம் இருந்தது. நாங்கள் தேடிப் போன ஒரே ஓவியம் மட்டும் செப்பனிடுவதற்காக இறக்கப்பட்டிருந்தது. சுவரில் அதன் அளவுக்கு வெளிறிய ஒரு செவ்வகமும் இரண்டு ஆணிகளும்தான் இருந்தன. அன்றிலிருந்து இரண்டு கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன்: வார விடுமுறை எந்த நாள், நாங்கள் பார்க்க விரும்பும் படைப்பு இப்போது காட்சியில் இருக்கிறதா. அஜந்தாவுக்குத் திங்களும் எல்லோராவுக்குச் செவ்வாயும் விடுமுறை. பாரிஸில் ஓர்சேவுக்குத் திங்கள், லூவருக்கும் ஒராஞ்சரிக்கும் செவ்வாய். சனி ஞாயிறோடு ஒரு நாளைச் சேர்த்து நீட்டிக்கொள்கிறவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள்.

கேள்வி: கைபேசியில் படம் எடுப்பதிலேயே அவருடைய நேரம் முழுவதும் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தடுக்காதீர்கள், வரிசையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பார்த்த பிறகு எடுக்கட்டும். ஓர் இடத்துக்கு ஒரு படம் என்று இருவரும் ஒப்புக்கொண்டால், எதை எடுப்பது என்று தேர்வதற்காகவே அவர் கூர்ந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: எங்கள் இருவருக்கும் வரையத் தெரியாது. ஆனாலும் எதையாவது வரைந்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. சிரிக்கும்படி ஆகிவிடுமோ?

பதில்: இருவருக்கும் தெரியாது என்பதே நல்ல தொடக்கம், ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால்தான் மற்றவருக்குக் கை வராது. உள்ளங்கை அளவுள்ள இரண்டு குறிப்பேடுகளும் மென்மையான இரண்டு பென்சில்களும் போதும். வண்ணமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். கிளை கிளையாக வரையத் தொடங்காமல், கிளைகளுக்கு இடையே தெரியும் வானத்தின் துண்டுகள் என்ன வடிவத்தில் இருக்கின்றன என்று மட்டும் பார்த்து வரையுங்கள். மரம் தானே வந்துவிடும். இருபது நிமிடம் முடியும் வரை ஒருவர் ஏட்டை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது.

முடிந்தால் அதே மரத்துக்கு வேறு பருவத்தில் திரும்பிப் போங்கள். மோனே 1890–91இல் தம் வீட்டுக்குப் பக்கத்து வயலில் இருந்த வைக்கோல் போர்களை மட்டுமே ஏறக்குறைய இருபத்தைந்து முறை வரைந்தார்; கோடை முடிவின் வெயிலிலும், பனி மூடிய காலையிலும், அந்தி மங்கலிலும் போர் ஒன்றுதான், கிடைத்த ஓவியங்கள் ஒவ்வொன்றும் வேறு. வாரக் கடைசியில் ஒவ்வொரு முறையும் புதிய ஊர் தேடி அலைய வேண்டும் என்ற பதற்றம் எங்களுக்கு நின்றது, இப்படி ஓரிடத்துக்கே திரும்பிப் போகத் தொடங்கிய பிறகுதான்.

ஒரு குளக்கரை இலவ மரத்தை நாங்கள் மூன்று ஆண்டுகளில் ஏழு முறை வரைந்திருக்கிறோம். இலையே இல்லாமல் பூ மட்டும் சிவந்து நின்ற நாளில் நான் கீழே உதிர்ந்து கிடந்த பூக்களைத்தான் வரைந்திருந்தேன். தடித்த ஐந்து இதழ்களும் பின்னோக்கி மடிந்து, நடுவில் மகரந்தத் தாள்கள் ஒரு கட்டுத் தீக்குச்சி போல நிமிர்ந்திருந்தன. என் கணவரின் ஏட்டில் மரம் மிகச் சிறியதாக ஒரு மூலையில் இருந்தது. பக்கத்தின் பெரும்பகுதியில், தரையில் குந்தி ஏட்டின் மேல் குனிந்திருக்கும் என் முதுகு இருந்தது.